ஐயாயிரத்து முந்நூறு எழுத்துக்குள் ஒரு சாவு

கெண்ட்ரா ஸ்டம்போ தன் அப்பாவை மே மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குச் சாகடித்தாள். ஊர் நூலகத்தின் மூன்றாவது கணினியில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்திச் செய்த காரியம் அது. அதே நேரத்தில் நான்கு மைல் தள்ளி, ஓடைக்கரையில் இருந்த டிரெய்லர் வீட்டில், வெர்லின் ஸ்டம்போ சோள ரொட்டியை உதிர்த்து மோரில் போட்டுக் கரண்டியால் தின்றுகொண்டிருந்தார். ரொட்டி ஆறிப்போய்விட்டது என்று மனைவியோடு சண்டையும் போட்டுக்கொண்டிருந்தார்.

கிழக்குக் கென்டக்கியில் அந்த ஓடைக்கரையில் இருக்கும் ஆண்கள் பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனவர்கள்தான். வெர்லினுக்கு இருபத்தாறு வருடமும் ஒரே வேலைதான். சுரங்கக் கூரை சரியாமல் இருக்கப் பாறையைத் துளைத்து இரும்புத் தண்டு இறுக்க வேண்டும். கரித்தூளைவிடப் பாறைத்தூள் மோசமானது. ஐம்பத்தாறு வயதில் அவருடைய நுரையீரல் காய்ந்த கடற்பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. மனைவி ஜெனீவா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். கெண்ட்ரா ஒரே பெண். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். பட்டம் வாங்கியபின் ஒரு முதியோர் விடுதியில் கிழவர்களைப் புரட்டிப் போட்டுத் துடைத்துவிடும் வேலைக்குப் போனாள். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது நோயாளிகளோடு எத்தனை மணிநேரம் இருந்தாய் என்று ஒரு கட்டம் வரும். அதை நிரப்பத்தான்.

விண்ணப்பத்தில் முக்கியமானது ஒரு கட்டுரை. ஏன் மருத்துவராக விரும்புகிறாய் என்று எழுத வேண்டும். இடைவெளியும் சேர்த்து ஐயாயிரத்து முந்நூறு எழுத்து. அதற்கு மேல் ஒரு எழுத்துப் போனாலும் கட்டம் ஏற்காது.

உண்மையான காரணம் அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் அப்பாவோடு கம்பெனி டாக்டரிடம் போயிருந்தாள். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல வெர்லின், சிகரெட்ட நிறுத்து," என்றார். வெர்லின் சிகரெட் பிடிக்கிறவர் இல்லை. கெண்ட்ரா டாக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். வெளிர் பழுப்பு நிறத்தில் தோல் ஷூ. அதில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. அந்த ஊரில் பாதிரியாரின் ஷூவில்கூடக் கரி இருக்கும். இந்த மாதிரிக் கால் எனக்கு வேண்டும் என்று அன்று நினைத்தாள். அப்பாவைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. கால் மட்டும்தான் தோன்றியது. அதை எப்படி எழுதுவது?

முதல் வரைவை மிஸ் கிராண்டலிடம் காட்டினாள். அவள் படித்த சின்னக் கல்லூரியில் மருத்துவப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு வழிகாட்டுகிறவர் அவர்தான். நல்ல மனுஷி. நுழைவுத் தேர்வு எழுத இரண்டரை மணிநேரம் தன் காரிலேயே கூட்டிப் போய்க் கூட்டி வந்தவர்.

"கெண்ட்ரா, இந்த வருஷம் மட்டும் ஏழு பேரு சுரங்கத் தொழிலாளி அப்பாவைக் கொண்டாந்துட்டாங்க," என்றார் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எங்கப்பா நெஜமாவே சுரங்கத்துல இருந்தவரு மேடம்."

"பொய்னு நான் சொல்லலையே. படிக்கிறவங்களுக்கு ஒரு கட்டுரைக்கு மூணு நிமிஷம் இருந்தா அதிகம். அப்பாவுக்கு நுரையீரல் போச்சு. நீ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையுற. சரி. அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல மேடம். வீட்டுலதான் இருக்காரு."

"ஓ," என்றார் மிஸ் கிராண்டல்.

அந்த ஒற்றை எழுத்தைக் கெண்ட்ரா வீடு வரை சுமந்துகொண்டு வந்தாள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கதை கேட்கிறவர்கள், கதை பாதியில் நின்றுவிட்டால் போடும் சத்தம்தான் அது. அப்பா இன்னும் இருக்கிறார் என்பதில் கட்டுரைக்கு ஒரு குறை இருக்கிறது என்று அவளுக்கு அன்றுதான் புரிந்தது. புரிந்ததற்காகத் தன்மேல் வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தோடு அந்தக் குறையை நினைத்துக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரலில் வெர்லினுக்கு நிமோனியா வந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கும் ஒரு இயந்திரத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். "ஜூன் பாக்க மாட்டாரு. தயாரா இருங்க," என்று டாக்டர் ஜெனீவாவைத் தனியே அழைத்துச் சொன்னார். படுக்கையறையில் அந்த இயந்திரம் பழைய குளிர்பெட்டி மாதிரி இரவும் பகலும் உறுமிக்கொண்டிருந்தது.

விண்ணப்பம் மே கடைசியில் திறக்கும். முதல் நாளே அனுப்பிவிட வேண்டும். வருகிற வரிசையில்தான் படிப்பார்கள், வரிசையில்தான் இடம் நிரம்பும். அனுப்பிவிட்டால் கட்டுரையில் ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது. ஆனால் மனிதர் யாரும் அதைப் படிக்க ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடும். கெண்ட்ரா கணக்குப் போட்டாள். 'அப்பா செத்துக்கொண்டிருக்கிறார்' என்று மே மாதம் எழுதினால், படிக்கும் நாளில் அது பொய்யாகி இருக்கும். 'செத்துப்போனார்' என்று எழுதினால் படிக்கும் நாளில் அதுதான் உண்மை. அப்படியானால் எது நேர்மை? இந்தக் கேள்வியைத் தன்னிடம் பலமுறை கேட்டாள். ஒவ்வொரு முறையும் தனக்குச் சாதகமான பதிலே வருவதையும் கவனித்தாள்.

எழுத உட்கார்ந்தபோதுதான் சாவைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தது. ஒருநாள் மத்தியானம் அப்பாவின் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்பா, உனக்கு என்ன மாதிரி நடக்கணும்னு ஆச?"

"என்னது?"

"கடைசில. சர்ச்சுல. என்ன பாட்டு, யாரு தூக்கணும், அதெல்லாம்."

"உங்கம்மா இதப் பத்தி வாயத் தொறக்கவே விடமாட்டா," என்றார் வெர்லின். "பேச்செடுத்தாலே கரண்டிய வீசுவா." பிறகு சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு வரியாகப் பாதிரியார் முதலில் சொல்லி, பின்னால் எல்லோரும் இழுத்துப் பாடும் பழைய பாட்டுகள்தான் வேண்டும். வாத்தியம் கூடாது. பிரசங்கம் ஒரு மணிநேரத்துக்கு மேல் போனால் பெட்டியை விட்டு எழுந்து வந்துவிடுவேன் என்று சொல். மலைமேல் கல்லறைக்குப் பெட்டியை நாலு சக்கர வண்டியில் கட்டி இழுக்க வேண்டும். "தூக்குறதுக்கு ரோஸ்கோவ மட்டும் விட்றாத. சுரங்கத்துல எங்கூட இருந்தப்ப அவன் சாப்பாட்டு டப்பாவையே நேரா தூக்கத் தெரியாதவன். என்னைச் சரிவுல உருட்டி விட்டுருவான்."

ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் மூச்சுக்கு நிறுத்தினார். முடித்தபின் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை பிடிக்கிற ஆள் இல்லை.

"யாராவது கேப்பாங்களான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றார்.

கெண்ட்ரா கையை விடுவிக்காமல் உட்கார்ந்திருந்தாள். வாத்தியமில்லாத பாட்டு வரும், ரோஸ்கோவும் வருவான், ஆனால் ரோஸ்கோ தூக்குவதாக வைத்தால்தான் நன்றாக இருக்கும் என்று அவள் மனம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் வெர்லின் சாகவில்லை. மே நடுவில் பீன்ஸ் கேட்டார். அடுத்த வாரம் வெங்காயம் சேர்த்துக் கேட்டார். மே கடைசி ஞாயிறு, ஊரே கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைக்கும் நாள். ரோஸ்கோ வண்டியில் ஏற்றி அவரையும் மலைக்குக் கூட்டிப் போனான். அங்கே ஸ்டம்போ குடும்பக் கல்லறைகளின் ஓரத்தில் வெர்லினுக்கும் ஜெனீவாவுக்கும் சேர்த்து ஒரு கல் எட்டு வருடமாக நிற்கிறது. அந்தப் பக்கத்தில் தம்பதிகள் உயிரோடு இருக்கும்போதே கல் நட்டுவிடுவார்கள். பெயர் இருக்கும், பிறந்த வருடம் இருக்கும், ஒரு சின்னக் கோடு இருக்கும், கோட்டுக்கு அப்பால் வெறும் கல். வெர்லின் கைப்பிடி வைத்த ஆக்சிஜன் சிலிண்டரைக் காலுக்கிடையில் வைத்து அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து இரண்டு கோழிக்கால் தின்றார்.

"எலும்பக் கீழ போடாதய்யா, உன் தல மேல விழும்," என்றான் ரோஸ்கோ.

"விழட்டும். எனக்குத்தான பசிக்குது," என்றார் வெர்லின். கல்லறைக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

கெண்ட்ரா அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாதி எழுதியாகிவிட்டது. நான் மீதியை எழுதுகிறேன், அவ்வளவுதானே என்று தோன்றியது. அப்பா எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைப்பதையும் பார்த்தாள். மாற்றுவதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் மாற்றிப் பார்த்தாள். அப்பா உயிரோடு இருக்கும் கட்டுரை எவ்வளவு எழுதினாலும் எழவில்லை. கடைசி வரிக்கு வரும்போதெல்லாம் மிஸ் கிராண்டலின் 'ஓ' கேட்டது.

வியாழக்கிழமை பழைய வரைவையே ஒட்டினாள். 'ஏப்ரல் மாதம் மழை பெய்த ஒரு காலையில் என் தந்தையின் கையைப் பிடித்தபடி அவருடைய கடைசி மூச்சை எண்ணினேன்' என்று ஆரம்பித்தது அது. ஐயாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு எழுத்து. இதில் உள்ளவை எல்லாம் உண்மை என்று உறுதி கூறுகிறேன் என்ற கட்டத்தில் குறியிட்டு அனுப்பினாள்.

கோடையில் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகக் கேள்வி அனுப்பியது. உன்னை மாற்றிய ஒரு நிகழ்ச்சி எது? துயரத்தை எப்படிச் சமாளித்தாய்? கெண்ட்ரா ஒவ்வொன்றுக்கும் அப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைத்தாள். ஒரு கல்லூரிக்குப் பாட்டு, இன்னொன்றுக்கு மலைச்சரிவு, மூன்றாவதற்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அழுத ரோஸ்கோ. எழுதி முடித்துவிட்டு அடுக்களைக்குப் போவாள். வெர்லின் அங்கே உட்கார்ந்து தக்காளி நறுக்கிக்கொண்டிருப்பார். அவள் எரிச்சலோடு அவரைப் பார்ப்பாள். எதற்கு எரிச்சல் என்று தெரிந்ததும் போய்க் குளித்துவிட்டு வருவாள்.

பதினோரு கல்லூரிகளில் பத்து வேண்டாம் என்றன, அல்லது பதிலே போடவில்லை. ஒன்றே ஒன்று நேர்காணலுக்கு அழைத்தது. அவர்கள் மாநிலத்துக் கல்லூரி. ஜனவரியில், கணினி வழியாக. இது போனால் அடுத்த வருடம் மறுபடியும் முதலிலிருந்து. அடுத்த வருடம் அதே அப்பாவை மறுபடி எப்படிச் சாகடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நேர்காணலன்று காலை பார்த்துப் பனி கொட்டியது. சாலை அடைப்பு, பள்ளிக்கூடம் விடுமுறை, அவள் அறை எடுத்து வைத்திருந்த நூலகம் பூட்டு. வீட்டில் கைப்பேசியின் இணையம் அடுக்களை ஜன்னல் பக்கம் மட்டும்தான் நிற்கும். அடுக்களைக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருப்பது விரல் தடிமன் பலகை.

"நானும் உங்கம்மாவும் உள்ள இருந்துக்கறோம்," என்றார் வெர்லின். "மெஷின அணைச்சிடறேன். அந்தச் சத்தத்துல நீ டிராக்டர் ஓட்றன்னு நெனச்சுக்கப் போறாங்க."

"வேணாம்பா."

"அர மணிநேரம்தான? குளிக்கப் போறப்ப அணைக்கிறதில்லயா? போ, டாக்டரம்மா."

அவருக்குக் கட்டுரையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒருமுறை படிக்கக் கேட்டார். கல்லூரிக்காரர்கள் வெளியில் காட்டக் கூடாது என்று சொல்லியிருப்பதாகச் சொல்லிவிட்டாள். இப்போது அவரை எங்கே அனுப்புவது? வெளியே முழங்கால் அளவு பனி. கெண்ட்ரா கதவைச் சாத்தினாள். இயந்திரத்தின் உறுமல் நின்றது. ஒன்பது மாதமாகப் பழகிய சத்தம் போய் வீடு அமைதியானது.

திரையில் வந்தவர் டாக்டர் அப்டன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சாந்தமான முகம்.

"உங்க கட்டுரைய நாலு தடவ படிச்சேன்மா," என்றார். "எடுத்த எடுப்புல இதச் சொல்லிடறேன். எங்கப்பாவும் போன வருஷம்தான் போனாரு. அதனால உங்க அப்பா சாவப் படிச்சதும் எனக்கு என்னவோ ஆயிடுச்சு. ரொம்ப வருத்தமா இருக்கு."

"தேங்க்ஸ் டாக்டர்," என்றாள் கெண்ட்ரா.

பலகைக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. அப்பா தூங்கியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். அவர் மத்தியானத்துக்கு முன்னால் தூங்குகிறவர் இல்லை.

அப்டன் மலைக் கல்லறை பற்றிக் கேட்டார். பாட்டு பற்றிக் கேட்டார். "அந்த நண்பர், பெட்டி தூக்கினவர், பேரென்ன?" "ரோஸ்கோ டாக்டர்." ஒவ்வொரு பதிலையும் முடிந்தவரை மெதுவாகச் சொன்னாள். குரலைத் தாழ்த்தினால், "கொஞ்சம் கேக்கலம்மா," என்றார் அவர். ஒரு இருமல் போதும். ஒரே ஒரு இருமல் கேட்டால் யாரது என்று கேட்பார். அப்பாவால் ஐந்து நிமிடம் இருமாமல் இருக்க முடியாது. இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

"கடைசியா ஒண்ணு கேக்கறேன். கேக்கக் கூடாதுதான்," என்றார் அப்டன். கண்ணாடியைக் கழற்றினார். "எங்கப்பா போறப்ப நான் போய்ச் சேரல. விமான நிலையத்துல இருந்தேன். நீங்க பக்கத்துல இருந்தீங்க. அவரு கடைசியா என்ன சொன்னாரு?"

இந்த ஒரு கேள்வி மட்டும் அவள் தயார் செய்து வைத்ததில் இல்லை. அந்த மனிதர் காத்திருந்தார். உண்மையாகவே அவருக்கு அது வேண்டியிருந்தது.

"'உன்ன நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு'ன்னு சொன்னாரு," என்றாள்.

பலகைக்கு அப்பால் கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. பட்டமளிப்பு விழாவுக்கு வந்துவிட்டு, "வெயில்ல ரொம்ப நேரம் உக்கார வெச்சுட்டானுங்க," என்று மட்டும் சொன்ன மனிதர் அந்தக் கட்டிலில்தான் இருந்தார்.

திரை அணைந்ததும் கதவைத் திறந்தாள். ஜெனீவா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, நாலாக மடித்த துண்டை வெர்லினின் வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் கைமேல் அவருடைய கையும் இருந்து அழுத்திக்கொண்டிருந்தது. அவர் உதடும் நகக்கண்ணும் நீலம் பாரித்திருந்தன. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்திருந்தது. கெண்ட்ரா ஓடிப்போய் இயந்திரத்தைப் போட்டாள். அவர் இருமி முடித்துப் பேச வர வெகுநேரம் ஆனது.

"எந்த மாசம்?" என்றார்.

"என்னப்பா?"

"நான் எந்த மாசம் செத்தேன்னு கேட்டேன்."

"ஏப்ரல்."

"ஏப்ரல்ல நான் ஆஸ்பத்திரில ஜெல்லி தின்னுக்கிட்டு இருந்தேன்." மூச்சு வாங்கினார். "ரோஸ்கோவத் தூக்க விட்டிருக்க. வேணாம்னு அவ்வளவு சொன்னேன்."

ஜெனீவா துண்டை உதறி மடித்தாள்.

"அந்தக் கடைசி வார்த்த," என்றார் வெர்லின். "நான் அப்படிப் பேசுற ஆளா?"

"இல்ல."

"தெரியுதுல்ல?"

"தெரியும்பா." கெண்ட்ரா தரையில் உட்கார்ந்தாள். "நீ சொல்லு. இப்பவே அவங்களுக்கு உண்மைய எழுதிடறேன். எனக்கு சீட்டே வேணாம்."

சொல்லும்போதே, வேண்டாம் போகட்டும் விடு என்று அவர் சொல்லிவிடுவார் என்று தான் எதிர்பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. வெர்லின் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"எங்கிட்ட ஏன் கேக்குற? செத்தவங்கிட்ட யாரு யோசன கேப்பா?"

அவள் எழுதவில்லை. முதியோர் விடுதியில் யாரையாவது துடைத்துவிடும்போது மனதுக்குள் அந்தக் கடிதத்தை எழுதிப் பார்ப்பாள். ஒரே வரி போதும். என் அப்பா உயிரோடு இருக்கிறார். வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்து மூடுவாள். அவர் எழுதச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பேனா, வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேனா? எப்படிக் கேட்டாலும் கேள்வி அவரைச் சுற்றித்தான் வந்தது. நான் யார் என்ற இடத்துக்கு வரும்போது நின்றுவிடும்.

வெர்லின் வெளியில் யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டுக்குள் மட்டும் செத்தவராக வாழ்ந்தார். தொலைபேசி அடித்தால், "நீ எடு. நான் எடுத்தா எதிர்ல இருக்கவன் பயந்துருவான்," என்பார். தட்டில் இன்னொரு துண்டு இறைச்சி வைத்தால், "பொணத்துக்கு எதுக்கு இவ்வளவு," என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஜெனீவா மகளிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். ஒரே ஒருமுறை, பாத்திரம் கழுவிக்கொண்டே, "துண்டப் புடிச்ச கை இது," என்றாள். "பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு அள்ளி வெக்கும்போதெல்லாம் இதத்தான்டி பாக்குறேன்."

மார்ச்சில் கடிதம் வந்தது. அப்டன் கையால் இரண்டு வரி எழுதியிருந்தார்.

"கெடச்சிடுச்சா?" என்று கேட்டார் வெர்லின்.

"கெடச்சிடுச்சுப்பா."

"அப்ப நல்லாத்தான் செத்திருக்கேன்."

ஜூலையில் புதிய மாணவர்களுக்கு வெள்ளைக் கோட்டு அணிவிக்கும் விழா. ஒருவருக்கு இரண்டு அனுமதிச் சீட்டு. கெண்ட்ரா அம்மாவுக்கும் மூத்த அத்தைக்கும் என்று நினைத்திருந்தாள். வெர்லின் சீட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் வரேன்," என்றார்.

"அப்பா, அங்க அந்த டாக்டர் இருப்பாரு."

"இருக்கட்டும். இதுக்காகத்தான செத்தேன். பாக்காம எப்படி?"

மூன்று மணிநேரம் வண்டியில் போனார்கள். வெர்லின் இஸ்திரி போட்ட நீலச் சட்டையில், சக்கரம் வைத்த சின்ன சிலிண்டரை இழுத்துக்கொண்டு, பத்தடிக்கு ஒருமுறை நின்று, அரங்கத்தின் முன்கூடத்துக்கு வந்தார். மேஜையில் ஒரு பெண் பெயர்ப் பட்டைகளை எழுதி ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஜெனீவாவுக்கு ஒட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்க பேரு சார்?"

கூடத்தின் மறுகோடியிலிருந்து டாக்டர் அப்டன் கெண்ட்ராவைப் பார்த்துக் கையை உயர்த்தி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். வெர்லின் அவரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"இவகிட்ட கேளும்மா," என்றார் அந்தப் பெண்ணிடம். "என்னப் பத்தி எழுதறதெல்லாம் இவதான்."

அந்தப் பெண் பேனாவோடு கெண்ட்ராவைப் பார்த்தாள். அப்டன் பத்தடியில் இருந்தார். அந்தக் கட்டுரையில் வெர்லின் என்ற பெயர் மூன்று இடத்தில் வருகிறது.

"டெல்பர்ட்," என்றாள் கெண்ட்ரா. "டெல்பர்ட் ஸ்டம்போ. எங்க சித்தப்பா."

வெர்லினுக்கு மூன்று அக்கா. அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. ஜெனீவா தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் பெரிய எழுத்தில் எழுதி அவர் நெஞ்சில் ஒட்டி, நன்றாகப் பிடிக்கட்டும் என்று உள்ளங்கையால் தடவிவிட்டாள்.

அப்டன் வந்து ஜெனீவாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரரப் பத்தி நெறைய தெரியும்மா எனக்கு. ரொம்ப வருத்தப்படறேன்."

ஜெனீவா வாயைத் திறந்தாள். அவள் பார்வை வெர்லினிடம் போய்த் திரும்பியது. "தேங்க்ஸ் டாக்டர்," என்றாள்.

"நீங்க அவரோட தம்பியா? உங்களுக்கும் நுரையீரலா?"

"ஆமா டாக்டர். அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சு."

"உங்க அண்ணன் பண்ணின பாக்கியம், கடைசில பொண்ணு பக்கத்துல இருந்தது," என்றார் அப்டன். "எல்லாருக்கும் அமையாது."

"அமையாது டாக்டர்," என்றார் வெர்லின். "அண்ணன் சாவுறதுக்கு முன்னாடியே வந்து பக்கத்துல உக்காந்து என்ன பாட்டு வேணும்னு கேட்ட பொண்ணு."

அப்டனின் கண் கலங்கியது. கெண்ட்ராவின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு மேடைக்குப் போனார். அவளுக்குக் கோட்டு மாட்டிவிட்டதும் அவர்தான். எல்லோரும் சேர்ந்து உறுதிமொழி சொன்னார்கள். அவள் உதடும் மற்ற உதடுகளோடு சேர்ந்து அசைந்தது. குடும்பப் படம் எடுக்கிறவன், "அம்மா நடுவுல வாங்க, சித்தப்பா கொஞ்சம் ஓரமா," என்றான். வெர்லின் ஓரமாக நின்றார்.

திரும்பி வரும் வழியில் அவர் பெயர்ப் பட்டையை எடுக்கவில்லை. மறுநாளும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டார். அதற்கு மறுநாளும் அதே சட்டை. துவைக்கப் போடச் சொன்னபோது ஜெனீவாவை ஒரு பார்வை பார்த்தார். அவள் விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை கெண்ட்ரா கிளம்பினாள். காரில் சாமான் ஏற்றியாகிவிட்டது. வெர்லின் வீட்டு முகப்பில் நாற்காலியில் உட்கார்ந்து ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனீவா கதவில் சாய்ந்து நின்றாள்.

"அப்பா, கெளம்பறேன்."

அவர் திரும்பவில்லை. கேட்கவில்லையோ என்று பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா."

ஓடையில் எதையோ உற்றுப் பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கினார். குழாயில் காற்று உள்ளே போகும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. கெண்ட்ரா அம்மாவைப் பார்த்தாள். ஜெனீவா இடுப்பில் கட்டிய சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மூன்றாவது முறை கூப்பிட்டுப் பார்த்தாள். பலனில்லை. மத்தியானத்துக்குள் கல்லூரி விடுதியில் சாவி வாங்க வேண்டும்.

"டெல்பர்ட் சித்தப்பா," என்றாள்.

வெர்லின் உடனே திரும்பினார். இருபத்து மூன்று வருடத்தில் அவள் அந்த முகத்தில் பார்த்திராத கனிவோடு சிரித்தார்.

"கெளம்பிட்டியாம்மா? நல்லபடியா போயிட்டு வா. உங்கப்பன்தான் பாவம், இருந்து பாக்கக் குடுத்து வெக்கல."

"ஆமா சித்தப்பா," என்றாள் கெண்ட்ரா. போய்க் காரில் ஏறினாள்.